மாற்றியமைத்த எஞ்சினில் டார்க் (சுழற்றும் விசை) குறைந்தால், எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் படியுங்கள்

வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளை மாற்றி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைச் சீவி அதன் காற்றுவழிகளைச் செதுக்கி (போர்ட்டிங்), எக்ஸாஸ்டையும், எஞ்சின் கணினியான ஈசியூவின் மேப்பையும் (எரிபொருள், தீப்பொறி அமைப்புக் கோப்பு) புதிதாக்கி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட ஒரு ட்யூனிங் பட்டறை, வண்டி முன்பைவிட மந்தமாக இழுக்கிறது என்று நான் சொன்னபோது எதையும் அளந்து பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய செலவுகளையே சொன்னார்கள். கடைசியில், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, எஞ்சினைப் பிரித்து போர் செய்தாக (சிலிண்டரைக் கடைந்தாக) வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். ரிங்குகளில் ஒரு குறையும் இல்லை. இதே பேச்சை நம்பி நல்ல எஞ்சினைப் பிரிக்கக் கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எஞ்சின் 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், 16 வால்வு, டர்போ இல்லாதது. வேலைக்கு முன் அதே பட்டறையின் டைனோவில் (திறனை அளக்கும் கருவி) 6000 ஆர்பிஎம்மில் 98 குதிரைத்திறன் பதிவானது. வேலை முடிந்ததும் 6500-இல் 124 என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள். 26 குதிரைத்திறன் கூடியதாகச் சொல்லப்பட்ட வண்டி, பழைய எஞ்சின் மூன்றாவது கியரிலேயே ஏறிய மேட்டில் இரண்டாவது கியரைக் கேட்டது.

அந்தத் தாளிலேயே உண்மை இருந்தது. திறன் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவதுதான். நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும், அதை 0.7355-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் கிடைக்கும். தாளில் 6500 ஆர்பிஎம்மில் டார்க் கோடு 114 நியூட்டன் மீட்டரில் நின்றது. அதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 105 குதிரைத்திறன்தான் வருகிறதே தவிர 124 வரவில்லை. டார்க்கைச் சக்கரத்தில் அளந்தபடியே விட்டுவிட்டு, திறனுக்கு மட்டும் கியர்பாக்ஸ் இழப்பு என்ற பெயரில் பதினேழு சதவீதத்துக்கும் மேல் கூட்டியிருக்கிறார்கள். பழைய தாளில் அப்படி எதுவும் கூட்டப்படவில்லை. அதில் இரண்டு கோடுகளும் கணக்குக்குச் சரியாகப் பொருந்தின. சக்கரத்தில் அளந்ததையும் எஞ்சினுக்கு மதிப்பிட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவது கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. டைனோ தாள் வாங்கும் யாரும் ஏதாவது ஒரு புள்ளியில் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். வெப்பநிலை, காற்றழுத்தத் திருத்தம் இரண்டு தாளிலும் ஒரே முறையில் செய்யப்பட்டதா என்பதையும் பாருங்கள். பழைய எஸ்டிடி திருத்த முறை, எஸ்ஏஇ ஜே1349 என்ற திருத்த முறையைவிடச் சுமார் நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

இதைக் கேட்டதற்கு, ஸ்போர்ட்ஸ் கேம் (கேம்ஷாஃப்ட்) போட்டால் கீழே, அதாவது குறைந்த வேகத்தில், டார்க் குறையத்தான் செய்யும் என்றார்கள். இது பாதி உண்மை. வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம், குறைந்த வேகத்தில் சிலிண்டருக்குள் வந்த காற்றில் ஒரு பகுதியைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். ஆனால் கீழே இழந்ததை மேலே தாராளமாகத் திருப்பித் தந்தாக வேண்டும். கீழே நிறைய இழந்து மேலே ஏழு குதிரைத்திறன் (98-இலிருந்து 105) மட்டுமே கிடைத்திருந்தால் அது கேமின் குணம் அல்ல, பொருத்தியதிலோ மேப்பிலோ உள்ள குறை. அடுத்ததாகக் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடி பெரிதாக வேண்டும் என்றார்கள், பிறகு எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும் என்றார்கள். கடைசியில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) எடுத்து, நான்கு சிலிண்டரிலும் 9.5 பார்தான் இருக்கிறது, ரிங் போய்விட்டது என்றார்கள்.

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அந்த எண்களைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: தேய்ந்த எஞ்சினில் நான்கு சிலிண்டரும் இவ்வளவு சமமாக விழுவது அரிது, அதிலும் ஹெட்டைச் சீவிய எஞ்சினில் கம்ப்ரஷன் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். ரிங் கசிந்தால் அளவு நன்றாக உயரும், ஆனால் முள் பழைய இடத்திலேயே நின்றது. காற்றை ஏற்றிக் கசிவை அளக்கும் லீக் டவுன் சோதனையில் எல்லாச் சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குக் கீழேயே இருந்தன. சிலிண்டர் காற்றைப் பிடித்து வைக்கிறது, ஆனால் பிடிக்கத் தொடங்கும் நேரம் பிந்துகிறது என்பதே இதன் பொருள். அதாவது காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது.

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முனையில் கோண அளவு பொறித்த டிகிரி வீலை மாட்டி, வால்வின் மேல் நகர்வை அளக்கும் டயல் கேஜை வைத்தார். புல்லியில் உள்ள குறியை நம்பாமல், பிஸ்டனை ஒரு தடையில் முட்டும்வரை இரு திசையிலும் சுழற்றி, இரண்டுக்கும் நடுப்புள்ளியை எடுத்து பிஸ்டனின் உண்மையான மேல்நிலையை நிறுவினார். கேமுடன் வந்த அட்டையின்படி, இன்டேக் வால்வு மிக அதிகமாகத் திறக்கும் இடம் மேல்நிலைக்குப் பின் 108 டிகிரியில் வர வேண்டும். முள் திரும்பிய இடம் 124-ஐத் தாண்டியிருந்தது. 48 பல் கொண்ட கேம் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரம்) பெல்ட் ஒரு பல் பிசகினால் கேம் 7.5 டிகிரி நகரும். கிராங்க் இருமடங்கு வேகத்தில் சுழல்வதால் அதன் கணக்கில் 15 டிகிரி. மீதி ஒன்றரை டிகிரி ஹெட்டைச் சீவியதால் வந்தது, ஏனெனில் கேமுக்கும் கிராங்குக்கும் இடையே தூரம் குறைந்தால் கேம் சற்றுப் பின்தங்கும். இந்தத் தாமதத்தைச் சரிசெய்வதற்காகவே நகர்த்தக்கூடிய கேம் புல்லிகளை விற்றிருந்தார்கள். அவை பூஜ்ஜியத்திலேயே முடுக்கப்பட்டிருந்தன. போல்ட்டின் நீள்துளையில் நகர்த்திய தடமே இல்லை. ஆனால் பில்லில் ‘கேம் டைமிங் அமைத்தல்’ என்று தனிக் கூலி இருக்கிறது. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்த ஒரு வரியின் மேல்தான்.

மேல் வேகத்தில் காணாமல் போன திறனுக்குக் காரணங்கள் எளியவை. மிதியை முழுவதும் அழுத்தியும் த்ராட்டில் முழுக்கத் திறக்கவில்லை, கேபிளில் தளர்வு. 5500-க்கு மேல் காற்று எரிபொருள் விகிதம் 10.9 வரை இறங்கியிருந்தது, அதாவது எரிபொருள் மிகுதி. இத்தகைய எஞ்சின் நல்ல திறன் தருவது 12.5 முதல் 13 வரையில். இக்னிஷனும் (தீப்பொறி நேரமும்) தேவைக்கு மேல் பின்தள்ளப்பட்டிருந்தது. வேறு ஏதோ எஞ்சினுக்கான கோப்பை ஏற்றியதைப் போலத்தான் இருந்தது.

பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி, மீதியைப் புல்லியில் சரிசெய்து, கேபிளை இழுத்து, மேப்பைப் புதிதாக எழுதியபின், இம்முறை வேறொரு டைனோவில் சக்கரத்திலேயே 6800-இல் 119 குதிரைத்திறன் வந்தது. 3500-க்குக் கீழே இப்போதும் பழைய எஞ்சினைவிடச் சற்றுக் குறைவு. அது கேமின் உண்மையான விலை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. புதிய பாகம் எதுவும் வாங்கவில்லை.

மேப்புக்குக் கொடுத்த பணம் மட்டும் முழுவதும் போனது. முதல் பட்டறை ஈசியூவைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தது, திறந்து தரவும் மறுத்தது. எனவே அடுத்தவர் கம்பெனிக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முன்பணம் கொடுக்கும் முன்பே, மேப் பூட்டப்படுமா என்றும், டைனோவின் மூலக் கோப்பும் கேமை அளந்த டிகிரிக் குறிப்பும் கையில் கிடைக்குமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிகிரிக் குறிப்பு என்றால் என்ன என்று திருப்பிக் கேட்கும் இடத்தில் கேம் மாற்றக் கொடுக்க வேண்டாம். டைமிங் கூலியையும் மேப் பணத்தையும் திருப்பித் தருமாறு, அளவுகளையும் படங்களையும் இணைத்து அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். ‘உங்கள் டைனோ வேறு, எங்கள் டைனோ வேறு’ என்பது மட்டுமே இதுவரை வந்த பதில். டிகிரி வீல் காட்டிய அளவைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை.