ஏ2 பார்டர்லைனில் நின்றால் யாரைச் சந்தேகிப்பது?

தலசீமியா (ஹீமோகுளோபின் சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரை ரத்த நோய்) கேரியர், அதாவது ஒரு பழுதான மரபணுவைச் சுமப்பவரா என்று பார்க்கும் பரிசோதனையில், ஹீமோகுளோபின் ஏ2 (ரத்தத்தில் சிறிதளவே இருக்கும் ஹீமோகுளோபின் வகை) 4 சதவீதத்தைத் தாண்டி, சிவப்பணுக்களும் சிறுத்திருந்தால் குழப்பமில்லை, பீட்டா கேரியர்தான் (பீட்டா குளோபின் மரபணுவில் பழுதைச் சுமப்பவர்). தலைவலி 3.2 முதல் 3.8 வரையிலான இடைவெளியில். 'பார்டர்லைன்' என்று எழுதி அனுப்பிவிடுவது சுலபம். அதற்குப் பின்னால் மூன்று வெவ்வேறு மரபணுக் கதைகள் இருக்கலாம்.

ஒன்று, மென்மையான பீட்டா மாற்றம். பீட்டா மரபணுவின் புரோமோட்டரில் (மரபணுவை இயக்கும் முன்பகுதி) −101 இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே போதும். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) இயல்பாகவே தெரியும், ஏ2 கொஞ்சம் ஏறும், சிலருக்கு அதுவும் ஏறாது. துணைக்குக் கடுமையான பீட்டா மாற்றம் இருந்தால் பிள்ளைக்குத் தலசீமியா இன்டர்மீடியா (நடுத்தர வகை) வரலாம்.

இரண்டு, ரிப்போர்ட்டில் இதைப் போலவே தெரியும் கே.எல்.எஃப்.1 மரபணு மாற்றம். பீட்டா மரபணு பழுதில்லை. அதை இயக்கும் புரதத்தில்தான் கோளாறு. அதே புரதம் பி.சி.எல்.11ஏ என்ற இன்னொரு புரதத்தின் வழியாகக் காமா குளோபினையும் அடக்கி வைப்பதால், அது பழுதடையும்போது ஏ2-வோடு எஃப்-உம் (காமா சங்கிலி கொண்ட கருக்கால ஹீமோகுளோபின்) லேசாக உயரும். லூதரன் என்ற ரத்த வகையின் ஆன்டிஜென்களும் (சிவப்பணு மேற்பரப்பு அடையாளங்கள்) மங்கிவிடும் என்பது சுவாரசியமான துப்பு. துணை பீட்டா கேரியராக இருந்தாலும் இதனால் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் (கடுமையான வகை) வராது. இருவருக்குமே கே.எல்.எஃப்.1 பழுது என்றால் கதை வேறு. பீட்டா மரபணுவை மட்டும் சீக்வென்ஸ் செய்தால் இது சிக்காது.

மூன்றாவதுதான் என்னைப் பயமுறுத்துவது: முழுமையான பீட்டா கேரியர், கூடவே டெல்டா மாற்றமும். ஏ2-வைச் செய்வதே டெல்டா சங்கிலி. அது குறைந்தால் ஏ2 இறங்கி, கேரியர் நிலையை மறைத்துவிடும். எம்.சி.வி. 65, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு) சரி, ஏ2 3.4 என்று வந்தால் இதைத்தான் முதலில் நினைப்பேன். (ஃபெரிட்டின் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது, இரும்புச்சத்துக் குறைவும் ஏ2-வை இறக்கும்.) ஹெச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) வரைபடத்தில் ஏ2-வைத் தாண்டி ஒரு சின்ன மேடு தெரிகிறதா என்றும் பாருங்கள். அது ஏ2 பிரைமாக (மாறிய டெல்டா சங்கிலி கொண்ட ஏ2) இருந்தால், உதாரணமாக ஏ2-வின் 2.4-ஐயும் இதன் 2.2-ஐயும் கூட்டி 4.6 என்று படிக்க வேண்டும். இதைத் தவறவிட்டால், துணையும் கேரியராக இருக்கும்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

எஃப் மட்டும் தனியாக ஏறியிருந்தால் போட்டி டெல்டா-பீட்டா தலசீமியாவுக்கும் (இரு சங்கிலிகளும் குறையும் நிலை) ஹெச்.பி.எஃப்.ஹெச்.-சுக்கும் (பிறந்த பின்னும் எஃப் பரம்பரையாக உயர்ந்தே இருக்கும் நிலை). முன்னதில் எஃப் பெரும்பாலும் 5–15 சதவீதம், அணுக்கள் சிறுத்திருக்கும். மரபணுத் துண்டு விடுபட்ட ஹெச்.பி.எஃப்.ஹெச்.-சில் 15–30 வரை போகும், எம்.சி.வி. ஏறக்குறைய இயல்பு. எல்லைகள் உரசும்போது டி.என்.ஏ. சோதனைதான் பதில் சொல்லும்.