பழைய வண்ணாரப்பேட்டை மிருதங்கப் பட்டறை: மூட்டுத் தோலைக் கழற்றிவிட்டுத்தான் ஊரைச் சொல்கிறார்கள்

புதுப்பித்த பழைய வாத்தியத்தைக் கொண்டுபோய் "இது எந்த ஊர்க் கட்டை?" என்று கேட்டால், பல இடங்களில் பாலிஷைப் பார்த்தே "தஞ்சாவூர்" என்றுவிடுவார்கள். பழைய வண்ணாரப்பேட்டையின் இந்தச் சின்னப் பட்டறையில், தோலை இழுத்துக் கட்டியிருக்கும் வாரைத் தளர்த்தாமல் பதில் வராது. அதற்காகவே இங்கே போகலாம்.

சமீபத்தில் சவுகார்பேட்டை வீடொன்றிலிருந்து ஒன்று வந்தது. கருப்பு பாலிஷ், புது மூட்டு (வாயில் ஏற்றும் தோல்), புது வார். பார்வைக்குத் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம். நீளம் மட்டும் 27 அங்குலம். ஹெச்சு என்கிற உயர்ந்த சுருதிக்கு 22, தக்குக்கு 24 என்பதுதான் நடப்பு. சந்தேகம் அங்கே ஆரம்பித்தது.

வலந்தலையின், அதாவது வலது வாயின், மூட்டைக் கழற்றினார்கள். மூட்டு மூடியிருக்கும் விளிம்பில் பாலிஷ் ஏறாது, மரத்தின் சொந்த நிறம் அங்கேதான் தெரியும். கத்தி நுனியால் கடுகளவு சுரண்டினால், மிருதங்கத்துக்கு வழக்கமான பலாவென்றால் மஞ்சள் தெரிய வேண்டும். இதில் கரும்பழுப்பு, வரிவரியாக: சீஷம், வடநாட்டு ஈட்டி வகை. அடுத்து வாரை ஒதுக்கி டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தார்கள். இடது வாயான தொப்பிப் பக்கம், பாலிஷுக்கு அடியில், விரலகலத் தேய்மானங்கள் கட்டையைச் சுற்றி வரிசையாக ஓடின. சுருதி சேர்க்க வாருக்கடியில் உருளைக்கட்டைகளைத் தள்ளித் தள்ளி விழுந்த தடம் அது. மிருதங்கத்துக்கு மூட்டின் விளிம்பிலுள்ள பின்னலைத் தட்டித்தான் சுருதி சேர்ப்போம், இந்தத் தடம் விழ வழியில்லை. வாத்தியம் வடநாட்டுப் பக்வாஜ். யாரோ உருளைகளை எடுத்துவிட்டு மிருதங்க மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். வாசிக்கும்போது தொப்பியில் அப்பும் மாவு காய்ந்து மிஞ்சியிருந்தால் இன்னொரு சாட்சி கிடைத்திருக்கும்: பக்வாஜுக்குக் கோதுமை மாவு, மிருதங்கத்துக்கு ரவை.

தோலையும் வாரையும் வைத்து வயது சொல்வதில்லை என்பது இவர்களிடம் பிடித்தது. வாசிக்கிற வாத்தியத்தில் அவை மாறிக்கொண்டே இருக்கும். "மூர் மார்க்கெட்டில் வாங்கியது" என்று, சென்ட்ரல் பக்கம் இருந்த பழைய சந்தையைச் சொல்லும் பேச்சையும் தள்ளிவிடுகிறார்கள். மார்க்கெட் எரிந்தது 1985ல். அதற்குப் பிறகு வந்த அல்லிக்குளம் கடைகளையும் ஊர் அதே பெயரில்தான் சொல்கிறது. தவிர, விற்ற இடம் செய்த இடம் ஆகாது.

பார்க்கத் தனிக் கூலி இல்லை, பிரித்துக் கட்டுவதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். குறை ஒன்று உண்டு, சின்னதல்ல: எதையும் எழுதித் தருவதில்லை, கழற்றியதை வைத்திருப்பதும் இல்லை. கொடுக்கும் முன்பே நீளம், இரண்டு வாயின் அகலம், பின்னல், வார் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பழைய தோல், வார், உள்ளே உதிரும் தூள்கூட ஒரு பையில் கட்டித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாயந்திரத்துக்குள் குப்பைக்குப் போய்விடும்.