ஆர்டிஎக்ஸ் 3070: மாற்றலாமா, இன்னும் ஓட்டலாமா?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070 கிராபிக்ஸ் கார்டை 2021 முதல் பயன்படுத்தி வருகிறேன். இத்தனை வருடம் ஒரே கார்டில் விளையாடிய பிறகு என் கணிப்பு இதுதான்: கார்டின் வேகம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது, முதலில் முட்டி நிற்பது அதன் 8 ஜிபி வி-ரேம், அதாவது கார்டுக்குள்ளேயே இருக்கும் மெமரி. மாற்றுவதா வேண்டாமா என்று நான் எடுத்த முடிவு முழுக்க இதை வைத்துத்தான்.

வாங்கியபோது என்னிடம் இருந்தது ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 1440பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். 1440பி என்றால் சுமார் 37 லட்சம் பிக்சல்கள். 1080பி-யில் சுமார் 21 லட்சம்தான். ஒரே கார்டைப் பற்றி இருவர் நேரெதிராகப் பேசினால், முதலில் அவர்களுடைய மானிட்டர் என்ன என்று கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டு வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் ஃப்ரேம் (விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழ ஆரம்பித்தது. "கார்டு பழசாயிடுச்சு" என்றுதான் நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்கலாம் என்று எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ரிவாட்யூனர் என்ற இரண்டு கண்காணிப்பு மென்பொருள்களைப் போட்டு, விளையாடும்போதே ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, வி-ரேம், ஃப்ரேம் டைம் மூன்றையும் திரையில் ஓடவிட்டேன். ஜிபியு 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு தன்னால் முடிந்ததை முழுவதும் செய்கிறது என்று அர்த்தம். என் திரையில் அந்த நகரக் காட்சிகளில் அது 60, 65-க்கு இறங்கியிருந்தது. ரெசல்யூஷனை 1080பி-க்குக் குறைத்தேன். ஃப்ரேம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. வேலை குறைந்தும் வேகம் கூடவில்லை என்றால் கார்டை மறித்துக்கொண்டு நிற்பது பிராசஸர்தான். அந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்டு வாங்கிப் போட்டிருந்தாலும் அதுவும் சும்மா காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

பி450 போர்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி அதே சாக்கெட்டில் உட்காரும். அதன் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) கேம்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. மாற்றிய அன்றே அதே தெருக்களில் அந்த இழுபறி போய்விட்டது. சராசரி ஃப்ரேம் கூடியதைவிட, நடுநடுவே விழுந்த ஃப்ரேம்கள் நின்றதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. 60 ஃப்ரேமில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 16.7 மில்லிசெகண்ட், சராசரி 80 காட்டினாலும், நடுவில் ஒரு ஃப்ரேம் 50 மில்லிசெகண்ட் எடுத்தால் கை அதை உடனே உணர்ந்துவிடும். ஆகவே சராசரி எண்ணை மட்டும் காட்டும் ஒப்பீடுகளை நான் இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை.

பிராசஸர் வழிவிட்ட பிறகு கார்டின் உண்மையான எல்லை தெரிந்தது. அது வி-ரேம்தான். 3070-இன் மெமரி விநாடிக்கு 448 ஜிபி தரவைக் கொடுக்கிறது. 8 ஜிபி நிரம்பிவிட்டால் மீதி டெக்ஸ்சர்கள் (சுவர், தரை போன்றவற்றின் மேற்பரப்புப் படங்கள்) கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகின்றன. அங்கிருந்து, கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். என் போர்டில் இருப்பது அதன் 3.0 பதிப்பு, பதினாறு லேன் (தரவுப் பாதை), விநாடிக்குச் சுமார் 16 ஜிபி. 448 எங்கே, 16 எங்கே! நடந்துகொண்டே திரும்பினால் காட்சி ஒரு நொடி உறைந்து பிறகு ஓடுவது இதனால்தான். சில கேம்கள் உறைவதற்குப் பதிலாக டெக்ஸ்சரைத் தாமே மங்கலாக்கிவிடும். பக்கத்தில் போய் நின்ற பிறகும் சுவர் களிமண் பூசியதுபோல் தெரிந்தால் வி-ரேம் அளவைப் பாருங்கள்.

இதில் எனக்கு வருத்தம் தருவது ஒன்று. மெமரி போதுமான அளவு இருந்தால், டெக்ஸ்சர் தரத்தை உயர்த்துவதால் ஃப்ரேம் அநேகமாகக் குறைவதே இல்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அழகு, ஏறக்குறைய இலவசமாகக் கிடைப்பது. அதைப் போய், வேகம் மிச்சமிருக்கும் ஒரு கார்டில் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது நான் செய்வது: டெக்ஸ்சர் ஒரு படி கீழே, ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) அணைப்பு, பின்னணியில் பிரவுசர் மூடல். பிரவுசரும் கொஞ்சம் வி-ரேமைத் தின்னும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இந்தக் கார்டின் ஆயுளை நீட்டியது டிஎல்எஸ்எஸ், அதாவது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்ததை ஏஐ மூலம் உயர்த்தும் என்விடியாவின் நுட்பம். 1440பி-யில் குவாலிட்டி மோட் வைத்தால் உள்ளே 960பி-யில் வரைந்து மேலே உயர்த்துகிறது. 2025 ஜனவரியில் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் டிரான்ஸ்ஃபார்மர் மாடல் 20 சீரிஸ் முதல் எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது. அசையும்போது இலைகளும் கம்பிவேலிகளும் முன்பைவிடத் தெளிவாக நிற்கின்றன. ஃப்ரேம் ஜெனரேஷன், அதாவது வரைந்த ஃப்ரேம்களுக்கு நடுவே புதிய ஃப்ரேமை உருவாக்கிச் சேர்ப்பது, வேறு கதை. என்விடியாவின் வகை 40 சீரிஸிலிருந்துதான் ஓடும். ஏஎம்டியின் இதேபோன்ற நுட்பமான எஃப்எஸ்ஆர் 3.1 இருக்கும் சில கேம்களில் டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங்கோடு ஏஎம்டியின் ஃப்ரேம் ஜெனரேஷனைச் சேர்த்து ஓட்டலாம், ஓட்டியும் பார்த்தேன். 60-க்கு மேல் இருக்கும்போது நன்றாக இருக்கிறது. 35-ஐ 70 ஆக்கினால் பார்க்க 70, மவுஸை அசைத்தால் 35. அதோடு அதுவும் கூடுதலாக வி-ரேம் கேட்கும், நம்மிடம் இல்லாததே அதுதான்.

சரி, எதற்கு மாறுவது? என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டிலும் அதே 8 ஜிபிதான். 3070 வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 5060 டிஐ 16 ஜிபி வகை என் மெமரிப் பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் வேகம் சற்றுத்தான் கூடும். எட்டு லேன் கார்டு என்பதால் என் 3.0 போர்டில் அந்த வழியும் பாதியாகிவிடும். உண்மையான மாற்றம் என்று நான் நினைப்பது 5070 டிஐ அல்லது ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி. இரண்டிலும் 16 ஜிபி, மெமரிக்கான வழி 256 பிட் அகலம். வேகம் என் கார்டைப்போல் இருமடங்கை நெருங்கும்.

என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1060, 1070 வைத்திருப்பவர்களிடம் எனக்குத் தயக்கமே இல்லை, மாற்றிவிடுங்கள். அவற்றில் டிஎல்எஸ்எஸ் கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவை ரே டிரேசிங் ஹார்ட்வேர் இல்லாமல் ஓடாது. அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் மேம்பாடும் 2025 அக்டோபரோடு நின்றது. மல்டிபிளேயர் கேம் ஒன்றிரண்டு மட்டும் ஆடுபவர் என்றால் இன்னும் ஓட்டலாம்.

என்னைப் பொறுத்தவரை இப்போதைக்கு மாற்றவில்லை. நான் ஆடும் கேம்களில் டெக்ஸ்சர் ஒரு படி கீழே இருந்தாலும் ஃப்ரேம் 70-க்கு மேல் நிற்கிறது. மீடியம் டெக்ஸ்சரிலும் மெமரி நிரம்பும் கேம் ஒன்றை நான் ஆசைப்பட்டு ஆட வேண்டி வந்தால் அன்றைக்கு மாற்றுவேன். அதுவரை தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்து, ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன்; வேகம் குறையவில்லை, ஃபேன் சத்தம் நன்றாகவே குறைந்தது. மாற்றும்போது பவர் சப்ளையையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்: 3070 கேட்பது 220 வாட், 5070 டிஐ கேட்பது 300. அதற்கு என்விடியா பரிந்துரைப்பது 750 வாட் பவர் சப்ளை, என்னிடம் இருப்பது 650. கேபினட்டுக்குள் கார்டு நீளம் எவ்வளவு உட்காரும் என்று இப்போதே டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.