ஆமை நடை: சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை போங்கள்

தென் சென்னைக் கடற்கரையில் ஜனவரியிலிருந்து ராத்திரி ராத்திரியாக நடந்து, பங்குனி ஆமை இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கும் ஒரு குழுவில் சில சீசன்களாக வாலண்டியராக இருக்கிறேன். குழுவின் பெயரை எழுதப் போவதில்லை. வார இறுதியில் ஏற்கெனவே கூட்டம் தாங்கவில்லை, அதோடு கீழே கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன். இந்தக் கரையில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் உண்டு. விசாரித்தால் யாராவது சேர்த்துக்கொள்வார்கள். எனக்குப் பிழைப்பு ஆடிட்டர் அலுவலகத்தில். மார்ச் முடிவும் ஆமையும் ஒரே மாதத்தில் வருவது என் ஜாதகம்.

கட்டணம் எதுவும் கிடையாது. டீயும் ஆட்டோவும் உங்கள் செலவு. ராத்திரி பதினொன்றரை வாக்கில் கிளம்பி ஆறேழு கிலோமீட்டர் மணலில் நடந்தால், எடுத்த முட்டைகளைப் புதைத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகம் வரும்போது மணி மூன்றரை, நாலு ஆகிவிடும். கிளம்பிய இடத்தில் வண்டியை விட்டிருந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போக வேண்டும், அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் கேட்பதுதான் ரேட். வழியில் கழிப்பறை இல்லை. ஆண்கள் இதை ஒரு பிரச்சினையாகவே நினைப்பதில்லை என்பதால் யாரும் முன்கூட்டிச் சொல்லவும் மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். வெறுங்காலுடன் நடக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். உடைந்த பாட்டில், தூண்டில் முள் எல்லாம் மணலில் கிடக்கும். பழைய செருப்பு ஒன்று போதும்.

வெள்ளி, சனிகளில் பொதுமக்களுக்கான நடை. ஐம்பது அறுபது பேர் வருகிறார்கள். கிளம்புமுன் அரை மணி நேரம் பேசுகிறார்கள், அந்தப் பேச்சு நன்றாகவே இருக்கும். 1970களில் பாம்பு நிபுணர் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய சென்னைப் பாம்புப் பண்ணைக்காரர்களும் இந்தக் கரையில் நடக்கத் தொடங்கியது, 1980களின் கடைசியில் கல்லூரி மாணவர்கள் தனி அமைப்பாகச் சேர்ந்து அதைத் தொடர்ந்தது எல்லாம் சொல்வார்கள். எங்கள் குழு அதற்கெல்லாம் வெகு நாள் கழித்து வந்தது. டார்ச் கூடாது, ஃபிளாஷ் கூடாது, சத்தம் கூடாது என்று மூன்று தடவை சொல்கிறார்கள். இருபது நிமிஷத்தில் யாரோ ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடுவார். ஒரு சனிக்கிழமை ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள் ஒரே மாதிரி டீ-ஷர்ட்டில் பேனரோடு வந்தார்கள். பாதி வழியிலேயே, "ஆமை எப்ப சார் வரும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வராது. இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பல ராத்திரிகளில் எதுவுமே வராது. வந்தாலும் பெரும்பாலும் நாம் போய்ச் சேர்வதற்குள் முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பியிருக்கும். ஏறி வந்து இறங்க அதற்கு ஒரு மணி நேரம் போதும். நமக்கு மிஞ்சுவது தடம்தான். வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

வாரநாளில் எட்டுப் பத்துப் பேர் மட்டும் போகிற நடையில்தான் இதைச் சரியாகப் பார்க்க முடியும். ஈர மணலில் இரண்டு பக்கமும் துடுப்புக் கால்கள் மாறி மாறி இழுத்த குறி, முக்கால் மீட்டர் அகலத்துக்குக் கடலிலிருந்து மேலே ஏறும். கொஞ்சம் தள்ளி இன்னொரு தடம் இறங்கும். இரண்டும் சேருமிடத்தில் மணல் கலைந்து கிடக்கும், ஆனால் முட்டை அதில் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. மூடிய பிறகு ஆமை தன் உடம்பாலேயே தட்டித் தட்டிச் சமன் செய்துவிட்டுத்தான் போகும். அனுபவப்பட்டவர் ஒருவர் மெல்லிய குச்சியை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பார்ப்பார். கெட்டி மணலில் குச்சி நிற்கும். தோண்டி மூடிய இடத்தில் பொசுக்கென்று இறங்கும். இறங்கியதும் குச்சியை வீசிவிட்டுக் கையால்தான் தோண்ட வேண்டும். குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் விரல் நுனியில் முதல் முட்டை படும். ஓடு கெட்டியாக இருக்காது. மெத்தென்று, அழுத்தினால் குழிகிற தோல். உருட்டாமல், குலுக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, அதே குழியின் ஈர மணலோடு துணிப்பையில் வைக்க வேண்டும். ஒரு கூட்டில் நூறு, நூற்றிருபது முட்டை இருக்கும்.

எண்ணுகிற வேலையும் நோட்டில் எழுதுகிற வேலையும் எப்படியோ எனக்கே வந்து சேர்ந்தன. நேரம், இடம், குழியின் ஆழம், வாய் அகலம், அடி அகலம், முட்டை எண்ணிக்கை. எடுக்கும்போது ஒருவர் எண்ண வேண்டும், பொரிப்பகத்தில் புதைக்கும்போது வேறொருவர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒருங்கிணைப்பாளர் பையன் விடமாட்டான். "அக்கா, இன்னொரு தடவை எண்ணிடலாம்" என்பான், காலை நாலு மணிக்கு. எங்கள் ஆபீசுக்கு வர வேண்டிய பிள்ளை.

பொரிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அலை எட்டாத மேட்டில் கம்பு நட்டு வலை கட்டிய வேலி. உள்ளே ஆமை தோண்டிய அதே ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற அதே வடிவத்தில் நாம் தோண்டிப் புதைக்கிறோம். 45 நாளுக்கு மேல் ஆனதும் ஒவ்வொரு கூட்டின் மேலும் கூடை கவிழ்த்து வைப்பார்கள், குஞ்சுகள் வெளியே வந்து சிதறாமல் இருக்க. மணலின் சூடு கூடினால் குஞ்சுகள் பெண்ணாகும், குறைந்தால் ஆணாகும். அதனால் ஏப்ரல் வெயிலில் மேலே நிழல் வலை போட்டு, தெர்மாமீட்டர் பார்த்துக் குறிக்க வேண்டும். காவலுக்கு இருக்கும் குப்பத்துப் பெரியவர் தெர்மாமீட்டர் பக்கமே போகமாட்டார். மணலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு வலை போடும்மா" என்பார். போட்டுவிடுவோம்.

முட்டையை இடம் மாற்றுவது நல்ல காரியமா என்ற கேள்வி நியாயமானது. ஆமை தேர்ந்தெடுத்த இடத்திலேயே முட்டை இருப்பதுதான் சிறந்தது, குழுவில் யாரும் இதை மறுப்பதில்லை. ஆனால் இந்தக் கரையில் நாய்கள் முகர்ந்து தோண்டிவிடும். அதையும் தாண்டிப் பொரிந்தால், குஞ்சுகள் வெளிச்சம் அதிகமாகத் தெரிகிற பக்கம்தான் நடக்கும். விளக்கே இல்லாத கரையில் அது கடல். இங்கே அது ஹைமாஸ்ட் விளக்கும் ஓட்டல் மாடியும். சீசனில் ராத்திரி மட்டும் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்தாலே பாதி வேலை குறையும். ஒவ்வொரு வருஷமும் கடிதம் எழுதுகிறோம், சில இடங்களில் அணைக்கிறார்கள்.

எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை வேறு. வழியில் செத்த ஆமைகளைப் பார்க்க நேரும் என்று புதிதாக வருகிறவர்களிடம் குழு முன்கூட்டிச் சொல்வதில்லை. நடையில் உயிருள்ள ஆமையைவிடச் செத்துக் கரை ஒதுங்கியதைப் பார்க்கிற வாய்ப்புதான் அதிகம். 2025 ஜனவரியில் தமிழகக் கரையில் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு ஓட்டின் நீளத்தை டேப்பால் அளந்து, மறுநாள் வருகிறவர்கள் திரும்ப எண்ணாமல் இருக்கப் பெயின்ட்டால் அடையாளம் போட வேண்டும். ஆமை மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டிய பிராணி. இழுவை வலையில் மாட்டினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதி இருக்கிறது. ஆமை தப்பிக்க வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. இதையெல்லாம் பேச்சில் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கல்லூரிப் பெண் முதல் நடையிலேயே கண் பிதுங்கிக் கிடந்த தாய் ஆமையைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் வரவேயில்லை. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பயிற்சியும் முறையாகக் கிடையாது. கூட நடந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பொறுமை இருந்தால் இதுவும் ஒரு வகையில் நல்லதே, ஆனால் குச்சி பிடிக்க ஒருவருக்கு இரண்டு சீசன் ஆகிறது என்றால் அது கொஞ்சம் அதிகம்.

ஸ்டார் கொடுக்கச் சொன்னால், சனிக்கிழமை நடைக்கு மூன்று, வாரநாள் நடைக்கு நாலரை. கழிப்பறைக்குப் பூஜ்யம். குழந்தைகளை ராத்திரி நடைக்குக் கூட்டி வராதீர்கள். மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சு விடும்போது அழைத்து வாருங்கள், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். குஞ்சைக் கையில் எடுத்து அலையில் விட்டுப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்காதீர்கள், அது மணலில் தானே நடந்துதான் போக வேண்டும்.

சேர விருப்பமிருந்தால் டிசம்பரிலேயே பேசிவிடுங்கள். ஜனவரியில் எல்லாரும் வருவார்கள், பரீட்சை தொடங்கியதும் மாணவர்கள் காணாமல் போவார்கள். ஏப்ரல் மதியங்களில் பொரிப்பகத்தில் உட்கார்ந்து கூடைகளைப் பார்த்துக்கொள்ள எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். அந்த ஷிஃப்டுக்குப் பெயர் கொடுத்தால் வாரநாள் நடையில் இடம் தானாகக் கிடைக்கும்.