பொடி கொட்டும் பெட்டியும் ஒரு சின்னத் தராசும்

சிங்கப்பூரில் வீட்டிலிருந்தே பொடி அரைத்து விற்கிறேன். போன தீபாவளிக்கு 100 கிராம் சாம்பார்ப் பொடி 120 பாக்கெட் கேட்டிருந்தார்கள். நான் கரண்டியால் அள்ளிப் போட, எங்க வீட்டுக்காரர் தராசைப் பார்த்து “இன்னும் கொஞ்சம், ஐயோ போதும், எடு எடு” என்று சொல்ல, 40 பாக்கெட் கட்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. அதிலும் பாதிக்கு மேல் 103, 104 கிராம். பாக்கெட்டுக்கு 3 கிராம் கூடினால் 40 பாக்கெட்டில் 120 கிராம். இங்குள்ள தேக்காச் சந்தையில் மிளகாய் விற்கிற விலையில் ஒரு பாக்கெட்டுக்கும் மேலே சும்மா போகிறது. அன்று இரவே இணையத்தில் தேடி, பொடி நிரப்பும் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றை 165 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிவிட்டேன். எட்டு மாதமாக ஓட்டுகிறேன்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்து செய்யும் தொழிலுக்குப் பெரிய, கனமான இயந்திரங்கள் ஆகாது. இது ரைஸ் குக்கரைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். மேலே ஒரு கூம்பு. அதன் அடியில் இருக்கும் தகரத் தட்டு கடகடவென்று அதிர்ந்து பொடியை முன்னால் தள்ளும். பொடி கீழே உள்ள கிண்ணத்தில் விழும். கேட்ட எடை வந்ததும் கிண்ணத்தின் அடி திறந்து, நாம் பிடித்திருக்கும் பாக்கெட்டில் கொட்டும். முதலில் வேகமாக, எடை நெருங்கியதும் மெதுவாக, இரண்டு கட்டமாக வேலை செய்கிறது.

விற்ற கடையைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. இங்கே மூன்று கால் பிளக் என்று தெரிந்தே இரண்டு கால் பிளக்கோடு அனுப்பினார்கள். கேட்டு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. பொத்தான்களில் எல்லாம் சீன எழுத்து. கீழ்வீட்டு ஆன்டிதான் மேலே வந்து படித்துச் சொன்னார்: ‘குவாய்’ என்றால் வேகம், ‘மான்’ என்றால் மெதுவாக. நம் மான் துள்ளி ஓடும், இந்த மான் நடக்கிறது. ஆன்டிக்கு ஒரு பாக்கெட் ரசப் பொடி.

முதல் நாள் 100 என்று வைத்தால் 102 விழுந்தது. பெட்டி நின்ற பிறகும் தட்டின் நுனியிலிருந்து கிண்ணம் வரை அந்தரத்தில் இருக்கும் பொடி விழத்தானே செய்யும்? வேகத்தைக் குறைத்து, மெதுவான கட்டம் 90 கிராமிலேயே தொடங்கும்படி மாற்றி, இலக்கை 99.6 என்று வைத்த பிறகு 100-க்கும் 100.5-க்கும் நடுவில் வந்து நிற்கிறது. 40 பாக்கெட் இப்போது அரை மணி நேரத்தில் முடிகிறது.

மழை நாளில் மட்டும் கணக்கு மாறும். இந்த ஊர் ஈரத்தில் பொடி கூம்புக்குள் கட்டி பிடித்து, பாலம் மாதிரி நின்றுவிடும். கீழே ஒன்றும் விழாது, பெட்டி பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். வறுத்து நன்றாக ஆறவிட்டு அரைத்து, சலித்து, ஏர்கான் அறையில் வைத்துத்தான் நிரப்புகிறேன். மிளகாய்த் தூசி பறப்பதால் முகக்கவசம் கட்டாயம். முதல் நாள் கட்டாமல் இருந்துவிட்டு வீடே தும்மியது.

பெட்டி காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இந்தப் பெட்டியைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது, முன்பே வாங்கி வைத்திருந்த 28 வெள்ளித் தராசு. 0.01 கிராம் வரை காட்டும், மஞ்சளும் பெருங்காயமும் அளக்க வாங்கியது. சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, 2013-இல் வந்த வரிசையின் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயத்தை வைப்பேன். அதன் எடை 7.62 கிராம், 50 காசு 6.56 கிராம். மின்விசிறி ஓடினால் எண் ஆடும், அதனால் முதலில் விசிறியை நிறுத்த வேண்டும்.

ஒரு நாள் பெருங்காயத் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுகிறேன், எண் அசையவே இல்லை. மூன்று சிட்டிகை போட்டும் 0.00. தராசு கெட்டுப்போச்சு என்று நினைத்தேன். கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் கருவிகளோடு இருந்த எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன மாற்றங்களைத் தராசு தானாகவே பூஜ்யமாக்கிக்கொள்கிறதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். இப்போது கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிய பிறகு, அடியில் அந்த ஒரு வெள்ளி நாணயத்தைச் செருகி, 7.62-இலிருந்து எண்ணுகிறேன். ஒவ்வொரு சிட்டிகையும் தெரிகிறது.

இன்னொன்று, விற்பனைக்கு எடை போடும் தராசில் சோதித்து ஒட்டிய ‘அக்கியூரசி’ லேபிள் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். என் சின்னத் தராசிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. அதனால் லேபிள் உள்ள தராசு ஒன்றைத் தனியாக வாங்கி, ஒவ்வொரு பாக்கெட்டையும் அதில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாயை ஒட்டுகிறேன். 165 வெள்ளிக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழுவ முடியாதது பெரிய குறை. தட்டுக்கு அடியிலேயே மின்பாகங்கள், தண்ணீர் படக் கூடாது. காய்ந்த பிரஷால் துடைத்தாலும் பெருங்காய வாசம் போகாது. அதனால் சாம்பார்ப் பொடிக்கும் ரசப் பொடிக்கும் மட்டும்தான் இதைப் பயன்படுத்துகிறேன், மல்லித் தூள் தனியாகக் கேட்பவர்களுக்குக் கையால் அளந்து தருகிறேன். சத்தமும் உண்டு, இரவு பத்து மணிக்கு மேல் நான் தொடுவதில்லை.

எள் சேர்த்த இட்லிப் பொடிக்கு வாங்க நினைத்தால் வேண்டாம். எண்ணெய்ப் பசையில் பொடி தட்டிலேயே அப்பிக்கொள்கிறது, 100 கேட்டால் 71-இல் நின்றுவிட்டது. அதற்கு இன்றைக்கும் கரண்டிதான்.