அமிலத்தில் அவிழும் எபாக்சி, சூட்டில் விரிசல் ஆறும் எபாக்சி: நெல்லைக் காத்தாடிப் பட்டறைக்கு எது உதவும்?

பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காத்தாடி (காற்றாலை) இறக்கை வேலை பார்ப்பவர்களுக்கு எபாக்சி புதிதில்லை. ரெசின் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா, கிளாஸ் ஃபைபர் துணி, ரோலர் போதும். தொல்லை பிறகுதான் வருகிறது. ஒருமுறை இறுகிய எபாக்சி உருகாது, கரையாது. ஆயுள் முடிந்த இறக்கையை அறுத்துக் குவிக்க வேண்டியிருப்பதும், தப்பாக ஒட்டிய பாகத்தை உடைத்தே எடுக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் இரண்டு வகை ஹார்டனர்களை நம்ம ஊர் வெயிலையும் பட்டறை வசதியையும் வைத்து இங்கே பார்க்கிறோம்.

முதல் வகை அமிலத்தில் அவிழ்வது. இதில் பெயர்பெற்றது ரீசைக்ளமைன். அமெரிக்காவின் கொன்னோரா நிறுவனம் உருவாக்கியது, இப்போது ஆதித்யா பிர்லா குழுமத்திடம் இருக்கிறது. காத்தாடி தயாரிக்கும் சீமென்ஸ் கமேசா 2021-ல் அறிவித்த மறுசுழற்சி இறக்கைகளுக்குப் போனது இந்த வேதியியல்தான். ஹார்டனர் மூலக்கூறின் நடுவே அசிட்டால் வகைப் பிணைப்பு இருக்கும். மழையும் உப்புக்காற்றும் அதை அசைப்பதில்லை. அமிலமும் சூடும் சேர்ந்து வந்தால்தான் அறுபடும். இறக்கையைத் துண்டு போட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 70 முதல் 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் ஊறவைத்தால் ஃபைபர் தனியாகக் கழன்று வரும். மிச்சக் கரைசலில் காஸ்டிக் சோடா சேர்த்து அமிலத்தை முறித்தால் ரெசின் பிளாஸ்டிக்காகப் படியும்.

அப்படி வருவது பழைய எபாக்சி இல்லை, உருக்கி வார்க்கக்கூடிய தெர்மோபிளாஸ்டிக். அதை மறுபடி இறக்கைக்கு ரெசினாக ஊற்ற முடியாது, மோல்டிங் வேலைக்குத்தான் ஆகும். ஃபைபர் நல்ல நிலையில் திரும்புவதுதான் உண்மையான லாபம். தொட்டி எஸ்.எஸ் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும், சாதா இரும்பை அந்தச் சூட்டில் அமிலம் தின்றுவிடும். மேலே பாலியூரித்தேன் பெயின்ட் இருந்தால் அமிலம் அந்த வழியாக இறங்காது, அறுத்த ஓரம் வழியாகத்தான் போகும். துண்டு சிறிதாக இருந்தால் நேரம் மிச்சம்.

சாதா எபாக்சியில் செய்த பழைய இறக்கையில் இந்த ரெசினால் பேட்ச் போடுவது வீண் செலவு. பேட்ச் மட்டும் கரையும், மீதி முழுக்க அப்படியே நிற்கும். புதிய பாகத்தை முதலிலிருந்து இதில் வார்ப்பவர்களுக்கே பொருத்தம். அமிலம் சிந்தும் பேட்டரி அறைத் தரைக்கோ, சூடான அமிலக் கரைசல் நிற்கும் தொட்டிக்கோ இதைப் பூசவே கூடாது.

இரண்டாவது வகை டைசல்பைடு ஹார்டனர். 4-அமினோபீனைல் டைசல்பைடு என்று கேட்க வேண்டும். இறுகிய பிறகும் இதிலுள்ள கந்தகப் பிணைப்புகள் சூட்டில் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்ளும். வலைப்பின்னல் அறுபடாமலே பொருள் நகரும். இந்த மாதிரிப் பொருள்களுக்கு விட்ரிமர் என்று பெயர். பாரிஸில் லுட்விக் லைப்லர் குழு 2011-ல் காட்டிய விட்ரிமருக்குத் துத்தநாக வினையூக்கி வேண்டியிருந்தது. டைசல்பைடுக்கு அது தேவையில்லை, பட்டறைக்கு அதுவே பெரிய சௌகரியம்.

அளவை டப்பா மேல் எழுதியிருக்கும் கணக்கை நம்பிப் போடாதீர்கள், நீங்களே போடுங்கள். ரெசினின் எபாக்சி ஈக்விவலன்ட் எடை (ஒரு எபாக்சி தொகுதிக்கு எத்தனை கிராம் ரெசின் என்ற கணக்கு) சப்ளையர் தாளில் இருக்கும், பொதுவாக 185 முதல் 190. ஹார்டனரின் மூலக்கூறு எடை 248, வினைபுரியும் ஹைட்ரஜன் நான்கு, ஆகவே 248-ஐ நான்கால் வகுத்தால் ஒரு ஹைட்ரஜனுக்கு 62. ரெசின் 187 என்றால் 100 கிராமுக்கு 62-ஐ 187-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 33.2 கிராம் வரும். ஒரு கிலோவுக்கு 332 கிராம். கண்ணளவில் ஊற்றினால் வேலை கெடும். ஹார்டனர் குறைந்தால் வினைபுரியாத எபாக்சி மிஞ்சிப் பூச்சு நொறுங்கும். கூடினால் ஈரம் இழுக்கும்.

ஹார்டனர் பொடியாக வரும். ரெசினை 80 டிகிரிக்குச் சூடாக்கி, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கட்டி கரைந்து தெளியும்வரை கிளறி, வேக்குவத்தில் குமிழியை இழுத்துவிட்டு உடனே ஊற்ற வேண்டும். இது அரோமாட்டிக் அமீன், கையில் படக்கூடாது. நைட்ரைல் கையுறையும் தூசி மாஸ்க்கும் கட்டாயம். பிறகு 120 டிகிரியில் இரண்டரை மணி, 150-ல் இரண்டு மணி. தாமிரபரணிக் கரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் இது அதில் இறுகாது. ஆகவே கோபுரத்தில் தொங்கிக்கொண்டு செய்யும் ரிப்பேருக்கு இது இல்லை. பவுடர் கோட்டிங் ஓவன் வைத்திருக்கும் பட்டறைக்கு மட்டும்தான்.

விரிசல் ஆறும் தன்மை உண்மைதான், ஆனால் நிபந்தனையோடு. நன்றாக இறுகிய ரெசினின் கண்ணாடிநிலை மாற்ற வெப்பம் (விறைப்பு போய் இளகத் தொடங்கும் சூடு) ஏறக்குறைய 130 டிகிரி. அதற்குக் கீழே பொருள் அசையாது. 200 டிகிரியில் சில நொடிகளில் உள் இறுக்கம் தளரும். அந்தச் சூட்டில் விரிசலின் இரு முகமும் தொட்டுக்கொண்டு அழுத்தத்தில் இருந்தால் ஒட்டும். பொருளே உதிர்ந்து போன பள்ளத்தில் நிரப்ப எதுவும் இல்லை, அது ஆறாது. கழிவை அரைத்து 200 டிகிரி, 100 பார் அழுத்தத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி தகடாக வரும். பசையாகப் பயன்படுத்தினால் இதன் அருமை தெரியும். அலுமினியத் தகட்டில் ஒட்டியதைச் சூடு காட்டிக் கழற்றி, திருத்தி, அதே பசையில் மீண்டும் ஒட்டலாம். ரப்பரோ மரமோ ஒரு பக்கம் இருந்தால் அந்தச் சூட்டை அது தாங்காது. வெளியில் பூசினால் மஞ்சளடிக்கும், மேலே எளிதில் மஞ்சளடிக்காத அலிபாடிக் வகைப் பாலியூரித்தேன் கோட் வேண்டும்.

கார் கடைகளில் “தானே ஆறும்” என்று விற்கும் பாலியூரித்தேன் ஃபிலிமை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே மெல்லிய கீறல் வெயிலில் மறைவது, நசுங்கிய மேற்பரப்பு பழைய உருவத்துக்குத் திரும்புவதால். வெட்டிக் கிழிந்தால் கிழிந்ததுதான். திரவம் அடைத்த நுண்ணிய கேப்ஸ்யூல்கள் கலந்த மைக்ரோகேப்ஸ்யூல் பெயின்ட் வேறு. 2001-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் காட்டப்பட்டது இந்த வழி. விரிசல் போகும் பாதையில் கேப்ஸ்யூல் உடைந்து திரவம் கசிந்து இறுகும். ஒரு இடத்தில் ஒருமுறைதான், உடைந்த கேப்ஸ்யூலில் மறுபடி திரவம் ஊறாது. ஆனி ஆடிக் காற்றில் தேரிமணல் இறக்கை முனையைத் தேய்ப்பது விரிசல் இல்லை, தேய்மானம். அதற்கு நெகிழ்வான பாலியூரித்தேன் முனைப்பூச்சுதான் இன்றைக்கும் சரி.

வாங்குவதற்கு முன் டீலரிடம் 5 கிராம் இறுகிய துண்டு கேளுங்கள். அமிலத்தில் அவிழ்வது என்றால், டெக்னிக்கல் டேட்டா ஷீட்டில் சொன்ன அமிலச் செறிவில் 80 டிகிரி தண்ணீர்த் தொட்டிக்குள் மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்து, மணிக்கொருமுறை எடுத்து எடை குறைகிறதா என்று பாருங்கள். டைசல்பைடு என்றால் துண்டை இரண்டாக உடைத்து, உடைந்த முகங்களைச் சேர்த்து கிளாம்ப் போட்டு, ஓவனில் 200 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, ஆறிய பின் அதே இடத்தில் வளைத்துப் பாருங்கள். பழைய கோட்டிலேயே பிரிந்தால் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது, சரக்கை எடுக்க வேண்டாம்.