சாவில், ஆலிவர், வாச்சர்: இசைத்தட்டு உறைக்கு யார் வழி நல்ல வழி?

கறுப்புத் துணியில் மலைத்தொடர் போல அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள் ஓடும் டி-ஷர்ட்டை எங்காவது பார்த்திருப்பீர்கள். அது 1979 ஜூனில் மான்செஸ்டரிலிருந்து வந்த ஓர் இசைத்தட்டின் உறை என்பது அதைப் போட்டிருக்கிற பலருக்குத் தெரியாது. ஜாய் டிவிஷன் என்ற இசைக்குழுவின் ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ என்ற ஆல்பம் அது. வெளியிட்டது ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்), உறையை அமைத்தவர் பீட்டர் சாவில்.

எழுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் இப்படிச் சின்ன லேபிள்கள் நிறைய முளைத்தன. உறையில் பாடகர் முகம் பெரிதாக இருக்க வேண்டும், பெயர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று சொல்ல அங்கே விற்பனைப் பிரிவு மேலாளர் யாரும் கிடையாது. அந்தச் சுதந்திரத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பயன்படுத்தினார்கள். ஃபேக்டரிக்கு சாவில், லண்டனின் ஃபோர் ஏ.டி. லேபிளுக்கு வான் ஆலிவர், க்ராஸ் என்ற பங்க் குழுவுக்கு ஜீ வாச்சர். இவர்களைப் பற்றிய பேச்சு வந்தால் சாவில் முதலிடத்தில் உட்கார்ந்துகொள்வார், ஆலிவருக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், வாச்சருக்கு ஒரு வரி. இந்த வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. அழகு மூவரிடமும் இருக்கிறது, அதை வைத்து யாரையும் தள்ள முடியாது. உள்ளே இருக்கும் இசைக்கும் அதை வாங்கி வந்தவருக்கும் உறை என்ன செய்து கொடுக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

சாவிலின் திறமை எதில் இருக்கிறது என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளைக் கோடுகள் சி.பி. 1919 என்ற பல்சரிலிருந்து, அதாவது சீராகத் துடிப்புகளை அனுப்பும் சுழல் நட்சத்திரத்திலிருந்து, வந்த ரேடியோ துடிப்புகளின் வரைபடம். ஹெரால்ட் கிராஃப்ட் என்பவர் 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் இருந்தது, பிறகு கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்தில் ஏறியது. அங்கிருந்து அதைக் கண்டெடுத்து வந்ததே இசைக்குழுதான். புத்தகத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள். சாவில் அந்த நிறங்களைத் தலைகீழாக்கி, கறுப்பு நடுவே சிறிதாக வைத்து, சுற்றிலும் வெற்றிடம் விட்டார். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. சொரசொரப்பான அட்டையில் அச்சடித்தார்கள், விரல் வைத்தால் அந்தக் கறுப்பு கைக்கே தெரியும். அவர் புதிதாக ஒரு கோடுகூட வரையவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒன்றை எங்கே, எந்த அளவில் வைத்தால் கண் நகராது என்று முடிவெடுத்தார். அந்த முடிவு எளிதில் யாருக்கும் வாய்க்காது.

1983 மார்ச்சில் நியூ ஆர்டர் குழு கொண்டுவந்த ‘ப்ளூ மண்டே’ என்ற சிங்கிளில் (ஒரு பாட்டை முன்னிறுத்தும் தட்டில்) இதே முறையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்த பிறகு, மிச்சமிருந்தவர்கள் நியூ ஆர்டர் ஆகி, சிந்தசைசரும் கணினியுமாக நடன இசை செய்துகொண்டிருந்த நேரம். அவர்கள் பயன்படுத்திய ஃப்ளாப்பி டிஸ்க் (கணினித் தரவைச் சேமிக்கும் சதுரத் தகடு) சாவிலின் கண்ணில் பட்டது. பன்னிரண்டு அங்குல உறையையே ஒரு பெரிய ஃப்ளாப்பியாக மாற்றிவிட்டார். அட்டையில் நிஜமாகவே துளைகள் வெட்டப்பட்டன, அவற்றின் வழியே உள்ளுறையின் வெள்ளி நிறம் தெரியும். பெயர் எதுவும் எழுத்தில் கிடையாது. வலது ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் ஒரு பட்டையாக இறங்கும், அதில்தான் பாட்டு, குழு, எண் எல்லாம் சங்கேதமாக இருக்கிறது. அதைப் படிப்பதற்கான வண்ணச் சக்கரம் மே மாதம் வந்த ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்தது. மார்ச்சில் பூட்டை விற்று, சாவியை இரண்டு மாதம் கழித்து வேறொரு தட்டோடு கொடுத்தார்கள். அந்த ஆல்பத்தின் முன்னட்டையில் ஃபாந்தன்-லத்தூர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1890இல் வரைந்த ரோஜாக் கூடை. 2010இல் ராயல் மெயில் அந்த உறையைத் தபால்தலையாகவே வெளியிட்டது.

துளை வெட்டிய அட்டைக்குச் செலவு அதிகம். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஃபேக்டரி கைக்காசு போட வேண்டியிருந்தது என்ற கதை பிரபலம். எத்தனை பென்ஸ் நஷ்டம் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். ஆனால் பின்னால் வந்த பதிப்புகளில் துளையில்லாத மலிவு அட்டைக்கு மாறினார்கள் என்பது நிச்சயம். தட்டோ லட்சக்கணக்கில் விற்றது.

நஷ்டத்துக்கு உறை போட்ட இன்னொரு கூட்டமும் உண்டு, அது க்ராஸ். எஸ்ஸெக்ஸில் டயல் ஹவுஸ் என்ற பழைய பண்ணை வீட்டில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். முதல் தட்டான ‘தி ஃபீடிங் ஆஃப் தி 5000’இல் இருந்த ‘அசைலம்’ என்ற பாட்டின் மதநிந்தனைக்காகத் தட்டு அழுத்தும் ஆலையின் தொழிலாளர்கள் வேலை செய்ய மறுத்தார்கள். அந்த இடத்தில் வெறும் மௌனத்தை வைத்து வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் சொந்த லேபிள் தொடங்கி, அந்தப் பாட்டையே 1979இல் ‘ரியாலிட்டி அசைலம்’ என்ற சிங்கிளாகக் கொண்டுவந்தார்கள். உறையிலேயே “45 பென்ஸுக்கு மேல் கொடுக்காதீர்கள்” என்று அச்சிட்டார்கள். மற்ற சிங்கிள்களின் விலையில் அது ஏறத்தாழ பாதி. விற்பனை வரியைக் கணக்கில் சேர்க்க விட்டுப்போனதால் ஒவ்வொரு பிரதியிலும் நஷ்டம்.

இரண்டு நஷ்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேக்டரியில் பணம் பொருளின் அழகுக்குப் போனது. க்ராஸில் வாங்குபவரின் சட்டைப்பையிலேயே தங்கியது. வாரக் கூலியில் தட்டு வாங்குகிற பதினாறு வயதுப் பையனின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டாவதன் எடை அதிகம்.

விலை குறைவு என்பதால் உறையும் மட்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு அங்குலத் தட்டுக்கு வந்த அந்த உறைகள் மடித்த தாள்கள். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தால் சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு போஸ்டராக விரியும். ஒரு பக்கம் வாச்சரின் ஓவியம், மறுபக்கம் பாடல் வரிகளும் கட்டுரையும் பொடி எழுத்தில் நெருக்கியடித்து. வெளியே கறுப்பு வெள்ளை, வட்டமாக ஸ்டென்சில் எழுத்து. 1980இல் வந்த ‘ப்ளடி ரெவல்யூஷன்ஸ்’ உறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பிரபலமான புகைப்படம், ஆனால் உடம்புகள் மட்டும்தான் அவர்களுடையவை. தலைகளின் இடத்தில் எலிசபெத் அரசி, போப் இரண்டாம் ஜான் பால், நீதி தேவதைச் சிலை, மார்கரெட் தாட்சர். பார்த்த உடனே கத்தரித்து ஒட்டிய வேலை என்றுதான் தோன்றும். கத்தரிக்கோல் படவே இல்லை. அவ்வளவும் குவாஷ் என்ற, நீரில் கரைத்துப் பூசும் வண்ணத்தில் தூரிகையால் வரைந்தது. நியூயார்க்கில் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பழகிய கை அவருடையது. பங்க் என்றால் அவசர வேலை, கிழிந்த தாள் என்று சொல்பவர்களிடம் இதைத்தான் காட்ட வேண்டும். முகத் தோலின் நிழல்கூட நிதானமாக ஏற்றப்பட்டிருக்கிறது. அந்த நிதானத்தை அவர் வாங்குபவருக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்.

ஆலிவரிடம் வருவோம். 1980இல் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸலும் பீட்டர் கென்ட்டும் தொடங்கிய ஃபோர் ஏ.டி.க்கு அவர் முதலில் நைஜல் கிரியர்சன் என்ற புகைப்படக்காரரோடு ‘23 என்வலப்’ என்ற பெயரில் உறைகள் செய்தார், பிறகு ‘வி23’ என்ற பெயரில். கொக்டோ ட்வின்ஸ் குழுவின் ‘ட்ரெஷர்’ (1984) உறையில் லேஸ் துணியும் மங்கிய வெளிச்சமும்தான். பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பாடும் சொற்கள் பாதி புரியாது, அந்தப் படத்திலும் உருவம் பாதிதான் பிடிபடும். பாட்டைக் கேட்டு அதற்கென்றே செய்த வேலை என்பது பார்த்தாலே தெரியும். சாவிலின் ரோஜாக் கூடையை வேறொரு ஆல்பத்துக்கு மாற்றினாலும் அது கம்பீரமாகத்தான் இருக்கும். ‘ட்ரெஷர்’ உறையை அப்படி இடம் மாற்ற முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஆலிவர் சாவிலைத் தாண்டிவிடுகிறார்.

பிக்ஸீஸ் குழுவின் ‘டூலிட்டில்’ (1989) இதற்கு இன்னும் நல்ல சாட்சி. பாடல் வரிகள் முன்கூட்டியே கையில் கிடைத்ததால் ஆலிவரும் புகைப்படக்காரர் சைமன் லார்பலெஸ்டியரும் பாட்டுகளுக்குள்ளிருந்தே படங்களை எடுத்தார்கள். முன்னட்டையில் தலைக்குப் பின் ஒளிவட்டத்தோடு ஒரு குரங்கு, கூடவே ஐந்து, ஆறு, ஏழு என்ற எண்கள். ஆல்பத்துக்கு முதலில் யோசித்திருந்த பெயர் கொச்சையானது. ஒளிவட்டக் குரங்கோடு அந்தப் பெயரும் சேர்ந்தால் கத்தோலிக்க எதிர்ப்பு என்று நினைப்பார்களே என்று பாடகர் ப்ளாக் ஃப்ரான்சிஸ் பெயரையே மாற்றினார். உறைக்காக ஆல்பம் வழிவிட்டது.

அங்கேதான் ஆலிவர் வழியின் ஆபத்தும் இருக்கிறது. எல்லாக் குழுக்களும் வெளியே இருந்து பார்த்தால் ‘ஃபோர் ஏ.டி. மாதிரி’ ஆகிவிட்டார்கள். கொக்டோ ட்வின்ஸ் 1988லிருந்து உறைகளை வேறு ஆட்களிடம் கொடுத்தார்கள். லேபிளின் தொகுப்பு ஆல்பம் ஒன்றுக்கு 1987இல் நூறு மரப்பெட்டிகள் மட்டும் செய்தார்கள். அருமையான பொருள்தான், ஆனால் நூறு பேருக்கு.

ஃபேக்டரியும் இந்தப் பக்கம் சாய்ந்த லேபிள்தான். டுருட்டி காலம் (Durutti Column) என்ற குழுவின் 1980 ஆல்பத்துக்கு உப்புத்தாளால் உறை செய்தார்கள். அலமாரியில் பக்கத்தில் இருக்கும் தட்டுகளை அது உரசிக் கெடுக்க வேண்டும் என்பதே யோசனை. ஜாய் டிவிஷன்காரர்களே உட்கார்ந்து ஒட்டினார்களாம். யோசனையாகச் சொல்லிக் கேட்கும்போது பிரமாதம். காசு கொடுத்து வாங்கியவரின் மற்ற தட்டுகளைக் கீறும் உறையை என்னால் கொண்டாட முடியவில்லை.

இன்று பாட்டைக் கைப்பேசியில் கேட்கிறோம், உறை கட்டை விரல் நகம் அளவுதான். அந்த அளவிலும் சாவிலின் கோடுகள் அப்படியே நிற்கின்றன, டி-ஷர்ட்டில் ஏறியதும் அதனால்தான். ‘ட்ரெஷர்’ ஒரு மங்கலான புள்ளியாகிவிடும். வாச்சரின் போஸ்டரைத் திரையில் பிரிக்கவே வழியில்லை. இதை வைத்து சாவிலுக்கு வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது எதிர்ப்பக்கம் சாட்சி சொல்கிறது. தாளாக, கையில் பிரித்துப் படிக்கும் பொருளாக இருந்தால் மட்டுமே வேலை செய்கிற உறைதான் உறை என்ற சாதனத்தை முழுக்கப் பயன்படுத்தியிருக்கிறது. என் வரிசை: வாச்சர், ஆலிவர், சாவில்.

ஐந்நூறு தட்டு அழுத்தும் இன்றைய குழு ஒன்று என்னிடம் கேட்டால் மடித்த போஸ்டரைத்தான் சொல்வேன். ஒற்றை வண்ணம், ஒரே தாள், ஒட்டும் வேலை குறைவு, அச்சகத்துக்கும் சிரமமில்லை. ஆனால் தாளின் விலையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது. வாச்சர் அந்த ஓவியங்களுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க முடிந்ததற்கு டயல் ஹவுஸின் குறைந்த வாடகையும் எல்லோரும் பங்குபோட்ட சமையலும் காய்கறித் தோட்டமும் காரணம். அப்படி ஒரு வீடு இல்லாத குழு, ஓவியருக்குக் கூலியை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் உறையில் விலையை அச்சிடட்டும்.